என் தம்பி குடித்தது புழு மருந்து அல்ல

என் பெயர், கணவர் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதியிருப்பது சரியே. வயது நாற்பத்தொன்று. நான் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஆராய்ச்சியாளராக வேலை பார்த்து வருகிறேன். கணவர் அச்சகத்தில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டு மாடி அறையில் என் உடன்பிறந்த தம்பி குடியிருக்கிறான். அவனுக்குத் திருமணமாகவில்லை. சரக்குக் கிடங்கு ஒன்றில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். அந்தக் கிடங்கில் சென்ற வியாழக்கிழமை காலை நடந்த விபத்து தொடர்பாகவும், அன்று என் தம்பி குடித்ததாகச் சொல்லப்படும் புழு மருந்து தொடர்பாகவும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புழு மருந்து என்றால் வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் மருந்தா என்று விசாரணை அதிகாரி கேட்டதால், முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் வளர்ப்பது மண்ணில் வாழும் உருளைப்புழு. வயிற்றில் வரும் இனம் அல்ல. யாருக்கும் நோய் தராது. நீளம் ஒரு கமாவின் அளவு இருக்கும். உடம்பு கண்ணாடி போல இருப்பதால் உள்ளே இருக்கும் நரம்பணுக்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அந்தப் புழுவுக்கும் பகல் இரவு போல ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. வளர்ப்புப் பெட்டியில் அரை நாள் வெப்பத்தைக் கூட்டியும் அரை நாள் குறைத்தும் பழக்கினால், பிறகு வெப்பத்தை மாற்றாமல் விட்டாலும் சில நாட்களுக்கு அது பழைய நேரப்படியே ஓடும், அடங்கும். மனிதருடையதைப் போல உறுதியான ஒழுங்கு அல்ல, நிறையப் புழுக்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். உடம்பு முழுவதும் அந்த ஒழுங்கை ஒன்றாக வைத்திருப்பதில் நரம்புப் பெப்டைடு என்ற பொருளுக்குப் பங்கு உண்டு. அது ஒரு குட்டிப் புரதத் துண்டு. சில நரம்பணுக்கள் அதை வெளியே விடுகின்றன, அது பரவி, தூரத்தில் இருக்கும் உயிரணுக்களுக்கும் போய்ச் சேருகிறது. அந்தப் பெப்டைடு இல்லாமல் செய்த புழுக்களும் தின்கின்றன, நெளிகின்றன, முட்டையிடுகின்றன. ஆனால் எப்போது ஓடும், எப்போது அடங்கும் என்பதற்கு ஒரு கட்டுப்பாடு இருப்பதில்லை. ஒன்று ஓடும்போது இன்னொன்று கிடக்கும்.

என் தம்பிக்குக் கிடங்கில் ஷிஃப்ட் முறையில் வேலை. முன்பு ஒரு ஷிஃப்ட் ஒரு மாதம் இருந்தது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். உடன் ஓட்டும் ஓட்டுநர் ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகு அவருடைய ஷிஃப்டையும் சேர்த்து இவனையே ஓட்டச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தால் படுப்பான், கொஞ்ச நேரத்தில் எழுந்து மாடியில் நடப்பான், திரும்பப் படுப்பான், திரும்ப நடப்பான். கீழே எங்களுக்குக் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் கணவர் ஒருநாள் மாடியைப் பார்த்து, "உன் தம்பி நடக்கறத வச்சு மணி பாக்கலாம்னா அதுக்கும் வழியில்ல, எப்ப நடப்பான்னு அவனுக்கே தெரியல" என்றார். சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும், டம்ளரில் தண்ணீர் ஆடும். ஜன்னலுக்குப் போர்வை கட்டினான். பிறகு காற்று வரவில்லை என்று அவிழ்த்தான். மருத்துவர் எழுதிய தூக்க மாத்திரையை வண்டி ஓட்டுகிறவன் போடக் கூடாது என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருந்ததால் அதையும் அவன் தொடவில்லை.

ஒருநாள் மாலை, சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து நின்றவனைப் பார்த்து, "நீ என் புழு மாதிரி ஆயிட்டடா" என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். எந்தப் புழு என்று கேட்டான். பெப்டைடு இல்லாத புழுவைப் பற்றிச் சொன்னேன். அவன் திரும்ப உட்கார்ந்து முழுவதையும் கேட்டான். கடைசியில், "அத திரும்பக் குடுத்தா சரியாகுமா?" என்றான். அந்தப் பெப்டைடைச் செய்யும் மரபணுவைத் திரும்பச் சேர்த்தால் புழுவுக்கு ஓரளவு சரியாகிறது என்றேன். "எனக்கு?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

அதன் பிறகு அந்த வாரத்தில் அவன் இரண்டு தடவை என்னிடம், "அக்கா, உங்க ஆபீஸ்ல அந்த மருந்து பாட்டில்ல இருக்கா, எப்படி இருக்கும்?" என்று கேட்டான். செயற்கையாகச் செய்த பெப்டைடு சின்னக் குழாய்களில் ஃபிரிட்ஜில் இருக்கிறது, ஆனால் அது மருந்து இல்லை என்று சொன்னேன். அதற்கு மேல் விளக்கவில்லை. எனக்கும் வேலை தலைக்கு மேல் இருந்தது.

விபத்துக்கு முந்தைய நாள் புதன்கிழமை பிற்பகல், என்னை அழைத்துப் போவதற்காக அவன் மோட்டார் சைக்கிளில் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தான். அப்படி வருவது வழக்கம்தான். காவலருக்கும் தெரியும். நான் வளர்ப்பு அறையில் தட்டுகளை மாற்றிக்கொண்டிருந்ததால் அவனை ஆய்வுக்கூடத்தில் என் மேசையருகே உட்காரச் சொன்னேன். நான் திரும்பி வந்தபோது அவன் உட்காராமல் ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான். எப்போதும் அப்படித்தான் நடப்பான் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வழியில் அவன் வேகமாக ஓட்டினான். மெதுவாகப் போகச் சொன்னதற்கு, "இன்னிக்கு நல்லா இருக்கேன்கா" என்றான். வீட்டில் என்னை இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போனான்.

மறுநாள் காலை நான் ஆய்வுக்கூடத்தில் ஃபிரிட்ஜைத் திறந்தபோது ஒரு குழாய் குறைந்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் ஃபிரிட்ஜில் பச்சை மூடி போட்ட குழாய்களில் பெப்டைடு இருக்கும். வெள்ளை மூடி போட்ட குழாய்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் வெறும் உப்புக் கரைசல் இருக்கும், அதில் பெப்டைடு இருக்காது. குறைந்திருந்தது வெள்ளை மூடிக் குழாய். பச்சை மூடிகள் அத்தனையும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. மாணவர் யாராவது எடுத்திருப்பார் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கிடங்கிலிருந்து எனக்குப் போன் வந்தது.

நான் போவதற்குள் என் தம்பியை அலுவலக அறையில் உட்கார வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அவன் சுமையோடு வண்டியை ஓட்டிவந்து, வாசல் அருகே நின்ற சுமை இறக்கும் தொழிலாளியின் மேல் மோதிவிட்டான் என்று மேலாளர் சொன்னார். அடிபட்டவரை எல்லோரும் லேட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் தாமதமாக வருவதால் வந்த பெயர். அன்று சரியான நேரத்துக்கு வந்திருந்தார். அவருடைய வலது பாதம் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. மேலாளர் என்னிடம், "உங்க ஆய்வுக்கூடத்துல இருந்து ஏதோ மருந்து எடுத்துக் குடிச்சிட்டு வந்திருக்கான், அவனே ஒத்துக்கிட்டான்" என்றார். என் தம்பி தலையைத் தூக்கவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து மேலாளர் எடுத்து மேசை மேல் வைத்திருந்த காலிக் குழாயை நான் பார்த்தேன். வெள்ளை மூடி. அதை அப்போதே சொன்னேன். யாரும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் குழாய் இப்போது இந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறது. அடையாளம் காட்டினேன்.

அதன் பிறகு எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "குழாய் காணாமப் போச்சு, யார் எடுத்தாங்கன்னு தெரியலன்னு மட்டும் சொல்லும்மா. மத்ததெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றார். வெளியாள் ஒருவனை ஃபிரிட்ஜ் இருக்கும் அறையில் தனியாக உட்கார வைத்தது விதிக்கு மாறானது, என் வேலைக்கே ஆபத்து வரலாம் என்பதையும் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அவனை அங்கே உட்கார வைத்தது நான்தான். அதை நான் மறைக்கவில்லை.

விபத்து நடந்த அன்று மாலை ஜாமீனில் வந்த என் தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாடிக்குப் போகாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போனதும் உடை மாற்றும் அறையில் குழாயைக் குடித்ததாகச் சொன்னான். "குடிச்சதும் உடம்பு லேசாச்சுக்கா. மருந்து வேல செய்யுதுன்னு நெனச்சேன். அதான் இடைவேளையில படுக்கல" என்றான். இது அவனுக்குச் சாதகமான பேச்சு அல்ல என்று எனக்குத் தெரியும். அவன் சொன்னதால் சொல்கிறேன்.

நான் அவனிடம், "நீ குடிச்சது உப்புத்தண்ணிடா" என்றேன். பச்சை மூடி, வெள்ளை மூடி இரண்டையும் விளக்கினேன். பச்சை மூடிக் குழாயையே குடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றும் சொன்னேன். அந்தப் பெப்டைடை நாங்கள் புழுவுக்கே கொடுப்பதில்லை, கொடுத்தாலும் அதன் தோலைத் தாண்டி உள்ளே போகாது. கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுக்களின் மேல்தான் விட்டுப் பார்க்கிறோம். மனிதன் குடித்தால் பருப்பும் முட்டையும் செரிப்பது போல வயிற்றில் செரித்துப் போகும். மனிதர் மூளையிலும் நேர ஒழுங்குக்கு உதவும் பெப்டைடுகள் இருக்கின்றன, ஆனால் அவை வேறு, குடித்து வருவதில்லை.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கால் ஆடுவது நின்றிருந்தது. அதன் பிறகு, "அப்ப மருந்தால இல்லையா? வண்டியில நானா தூங்கினேன்?" என்று கேட்டான்.

"ஆமாடா. நீதான் தூங்கின. இத்தன நாள் தூங்காம இருந்தா உடம்பு வேற என்ன பண்ணும்?" என்றேன்.

"மருந்துன்னே இருக்கட்டும்கா. லேட்டு அண்ணன் மூஞ்சியப் பாக்க அது கொஞ்சம் வசதி" என்றான். எழுந்து மாடிக்குப் போனான். நடக்க ஆரம்பித்துவிட்டான்.

அதன் பிறகு சனிக்கிழமை நான் மட்டும் மருத்துவமனைக்குப் போய் லேட்டைப் பார்த்தேன். பாதம் தப்பியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி எனக்கு நாற்காலி தரவில்லை. அது நியாயம்தான். நின்றுகொண்டே பேசினேன். லேட்டு என்னிடம், "வண்டிய ஓட்டிக்கிட்டே கண்ண மூடுறான்னு தூரத்துலயே பாத்தேன்மா. கத்துறதுக்கு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள வந்துட்டான். அவன் வீட்டுக்குப் போயி எத்தன நாளாச்சுன்னு யாரும் கேக்கலயா?" என்றார். வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தான், ஆனால் படுக்கவில்லை என்றேன். "அதத்தான் சொல்றேன்" என்றார். மருந்து வாடை அடித்ததாகச் சொல்லும்படி மேலாளர் தன்னைக் கேட்டதாகவும், தான் மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அதைக் கேட்டு அவர் மனைவி அவரைக் கோபமாகப் பார்த்தார். இதை அவர் காவல் நிலையத்தில் சொல்வாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவரைக் கட்டாயப்படுத்த நான் விரும்பவில்லை.

என் தம்பி குழாயை எடுத்தது தவறு. கேட்காமல் எடுத்தான், என்னவென்று தெரியாமல் குடித்தான், வண்டியில் ஏறினான். அதற்கு அவன் பதில் சொல்லட்டும். ஆனால் போதை மருந்து குடித்துவிட்டு வண்டி ஓட்டினான் என்று கிடங்கின் புகாரில் எழுதியிருப்பது சரியல்ல. குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் வேறு இடத்துக்கு அனுப்பிச் சோதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவனுக்கு எந்தெந்த நாளில் எந்த ஷிஃப்ட் போட்டார்கள் என்பதையும் கிடங்கில் விசாரிக்க வேண்டும். என் புழுக்களிலேயே, எந்தக் குறையும் இல்லாத நல்ல புழுக்களை, பழகி முடிப்பதற்குள் வெப்ப நேரத்தை மாற்றி, அது பழகுவதற்குள் மறுபடியும் மாற்றிப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் அவையும் பெப்டைடு இல்லாத புழுக்களைப் போலத்தான் ஓடின. இதை வழக்குக்குச் சான்றாகச் சொல்லவில்லை. புழு வேறு, என் தம்பி வேறு. ஆனால் அந்தத் தட்டுகளைத் தினமும் பார்க்கிற எனக்கு, மாடியில் நடக்கிறவனைப் பார்த்தபோது புரிந்திருக்க வேண்டும்.

என் தம்பியையும் இன்று விசாரணைக்கு வரச் சொல்லியிருந்ததால் அவனும் என்னோடு வந்திருக்கிறான். வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். இடையில் தண்ணீர் குடிக்க நான் வெளியே போனபோது அவன் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கால் ஆடவில்லை. பக்கத்தில் டைப் அடிக்கும் சத்தத்துக்கும் எழவில்லை. விபத்துக்குப் பிறகு அவன் தூங்கி நான் பார்ப்பது இதுதான் முதல் முறை. முடிந்தால் கொஞ்ச நேரம் கழித்து அவனைக் கூப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன், இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) சாட்சி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. அடுத்து விசாரிக்கப்பட வேண்டிய நபர் நிலைய வராந்தாவில் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தபடியால், அவருடைய வாக்குமூலம் மாலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

(ஒப்பம்) விசாரணை அதிகாரி