பூட்டி வைத்த தக்காளித் தொக்கு

“தக்காளித் தொக்கைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்க்கா” என்று முந்தானையில் முடிந்திருந்த சாவியைக் காட்டினாள், சுனாபட்டியில் லோக்கல் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த பெண்.

“தொக்கை யாருட்டி திருடப் போறா?” என்று சிரித்தாள் கூட வந்த மூத்தவள்.

“எங்க வீட்டுக்காரரு இருக்காவல்லா. மாடியில பெயிண்ட் டப்பாவுல செடி வச்சது அவியதான். ஒரே வாரத்துல அம்புட்டும் பழுத்துட்டு. வீணாப் போவுதேன்னு உப்பும் எண்ணெயும் தாராளமா விட்டுச் சுருளக் கிண்டி வச்சேன். வருசம் ஆனாலும் கெடாது. கிட்னி போனவியளுக்கு உப்பும் ஆகாது, தக்காளியும் ஆகாது. வாசம் புடிச்சுக்கிட்டு, ஒரு சொட்டு நாக்குல வையின்னு கேக்காவ.”

மூத்தவளின் சிரிப்பு நின்றது. “இனிமே செய்யதுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரே வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பெறவு என்னட்டி பத்தியம்? குடுத்துரு.”

“குடுத்தா, போயிருவாவன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லாக்கா ஆயிரும்.”

இருவரும் செம்பூரில் இறங்கிப் போனார்கள்.

என் மனைவியையும் டாக்டர்கள் அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கஞ்சிக்குக் கொஞ்சம் உப்புக் கேட்டாள். கடைசிவரை நான் போடவில்லை. அவள் நன்மைக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையான காரணம் அந்தப் பெண் சொன்னதுதான்.

அதை அந்தப் பெண்ணிடமே சொல்லியிருக்கலாம். அவள் பேசி முடித்தபோது செம்பூர் வருவதற்கு இன்னும் இரண்டு நிலையங்கள் இருந்தன. நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.