ரெக்கையில கட்டுன நூலுங்க

எலி இழுத்தாந்து போட்டது இல்ல சார், ஆளுங்க கட்டுனதுதான். இந்த எஞ்சினு இல்லாத ஏரோப்ளேன் ரெக்கை மேல நீங்க ஒட்டுனது நாப்பது கம்பளி நூலு. இப்ப நூத்திப்பத்து இருக்குதுன்னா, மிச்சமெல்லாம் எங்கூரு வேண்டுதல்.

கோவிச்சுக்காதீங்க. காத்து எங்க ரெக்கையோட ஒட்டி ஓடுது, எங்க வுட்டுட்டுப் போவுதுன்னு நூலு ஆடுறத வெச்சுக் கண்டுபுடிப்பீங்க, எனக்குப் புரியுது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதுனவ நான். ஊருக்குப் புரியணுமே. வரிசையா நூலு இருந்தா அவங்களுக்கு அது கோயில் வேப்பமரம். அதுக்கு முன்னாடி நீங்க வேற தெனம் காலையில நின்னு முணுமுணுன்னு எண்ணுறீங்க.

இந்தப் பச்சை நூலு வெங்கடப்பனோடது, அவரு மாடு செனை புடிக்கலையாம். அது நஞ்சம்மா, மருமவ வாய் கொறையணுமாம். ரிப்பன் எங்க வாத்தியாரு, ஓசூருக்கு மாத்தல் கேக்குறாரு. மேல பறக்குற சாமியாச்சே, மனு சீக்கிரம் போய்ச் சேரும்னு நெனப்பு.

அய்யோ, அவுக்காதீங்க. அவுத்தா சண்டைக்கு வருவாங்க, இன்னிக்கி நீங்க கெளம்ப முடியாது. நீங்க இப்பவே பெங்களூருக்குப் பறந்தாவணும்.

எனக்கென்ன அவசரமா? நாளைக்கிக் கல்யாணம் சார் எனக்கு. மாப்பிள்ள காவேரிப்பட்டினம், மாங்கா மண்டி. எனக்கு வேணாம். சேலத்துல நர்சு படிப்புக்குக் கூப்புட்டிருக்காங்க, ஆடியில போய்ச் சேரணும். நாளைக்கித்தான் ஆனியில கடைசி முகூர்த்தம். அது தப்பிருச்சுன்னா ஆடி பூரா எங்கூட்டுல கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டாங்க.

அழுது பாத்தாச்சு. பட்டினி கெடந்தும் பாத்தாச்சு. எங்கப்பா எதுக்கும் மசியல.

அதோ, உங்கள இழுத்து மேல ஏத்துற ஜீப்பு வந்துருச்சு. கயித்த மாட்டச் சொல்லிட்டு ஏறி உக்காருங்க.

அந்த ஓரத்துல தொங்குற மஞ்சக் கயித்தத் தொடாதீங்க சார். ஆமா, கனமாத்தான் இருக்கும், தங்கப் பொட்டோட இருக்குது. மாரியம்மன் கால்ல வெச்சிருந்தாங்க, காலையில எடுத்தாந்து நாந்தான் கட்டுனேன். கிருஷ்ணகிரி ஆசாரி இன்னொண்ணு செய்ய நாலு நாளாவது ஆவும்.

ஒரு பக்கமா சாயும்னா அந்தப் பக்கம் ஒரு கல்லக் கட்டிக்குங்க.

ஆவணியில அந்த மஞ்சக் கயித்த ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிருங்க. எங்கப்பா பேரு திம்மராயன்.