விற்ற வண்டியின் புள்ளி

– இதுக்குப் பேரு மிஷினாடா தேவா? டுபாகூர் டப்பா! இத மாட்டினதுக்கு என் ஃபியட்டுக்குள்ள ஒரு எலியப் புடிச்சி உட்டிருக்கலாம்.

– கஜபதி அண்ணாத்தே, கடைக்குள்ள கால வெக்கசொல்லவே திட்டிகினு வர்றியே. இன்னா ஆச்சு, மொதல்ல அத்தச் சொல்லு.

– இன்னா ஆச்சா? போன்ல வண்டி எங்க கீதுன்னு காட்டுற புள்ளி, வாரம் பூரா வெள்ளானூர்ல ஒழுங்கா நிக்குது. வெள்ளிக்கெழம ஆனா போதும், கெளம்பி பூந்தமல்லி வழியா காட்டுப்பாக்கம் வந்து, எங்க தெருவுல பூந்து, என் ஊட்டு வாசல்லயே நிக்குது.

– நிக்கட்டுமே.

– நிக்கட்டுமாவா? வித்த வண்டிடா அது! வாங்கினவன் வெள்ளானூர்ல கீறான். அவன் எதுக்கு என் ஊட்டு வாசலுக்கு வரணும்? வேண்டுதலா?

– அத்த வாங்கினவனத்தான் கேக்கணும். யாரு அவன்?

– எனக்கின்னா தெரியும்? புரோக்கர் நாகேந்திரன் வந்தான், வெறும் பாரத்துல கையெழுத்து வாங்கினான், சாவிய வாங்கினான், ஓட்டிகினு பூட்டான். ஆளு பேரக்கூட நான் கேக்கல.

– பேரு கேக்காம வித்துட்டு, திருட்டுத்தனமா டேஷ்போர்டுக்குப் பின்னால டிராக்கர மட்டும் மாட்டிக் குடுத்த. ஊட்ட வித்துட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாக்குற மாதிரி. நல்லா கீது உன் நாயம்.

– தோ பாரு. எங்கப்பா காலத்து ஃபியட்டு அது. எவனாச்சும் மேல் தகரத்த அறுத்து, பச்ச பெயின்ட் அடிச்சி, கல்யாண ஊர்வலத்துக்கு உட்டான்னு வெச்சுக்க, நேரா போயி கழுத்தப் புடிச்சிருப்பேன். அதுக்குத்தான் மாட்டுனது.

– அவ்ளோ பாசம் கீறவன் எதுக்கு வித்த?

– உனக்குத் தெரியாது? எங்க தாட்சாயிணி ஓட்டக் கத்துகின வண்டி. அவ ஆவடி குவார்ட்டர்ஸ்ல எவனோ ஒருத்தன், ஃபேக்டரியில ஸ்பேனர் புடிக்கிறவன், அவன் கையப் புடிச்சிகினு பூட்டா. பெத்த பொண்ணுன்னு பாக்கல, தலைமுழுகிட்டேன். அவ உக்காந்த சீட்ட தெனம் பாத்துகினு கீறதுக்கு எனக்கின்னா தலையெழுத்தா? தள்ளி உட்டேன்.

– மூணு வருசம் ஆவுது. ஒரு தபா போயி பாத்தியா அத்த?

– செத்தவள எங்கடா போயி பாக்கறது? பேச்ச மாத்தாத. மிஷினப் பத்திப் பேசு. போன தீவாளிக்குக்கூட பாரு, புள்ளியே அவுட்டு. ராத்திரி பூரா போன நோண்டிகினு ஒக்காந்திருந்தேன். பொட்டுத் தூக்கம் இல்ல.

– அது வயரு பிஞ்சிருக்கும். அப்பால வந்துச்சில்ல?

– மறுநாளு தானா வந்துச்சு.

– தானா வந்துச்சு! வயருக்குக் கையும் காலும் மொளச்சி, அதுவே போயி ஒட்டிக்கிச்சு பாரு.

– இன்னாடா நக்கலு? மிஷினு கரெக்டுன்னா, வாசல்ல வண்டியே இல்லன்னு பாத்த என் கண்ணு பொய்யா?

– வெள்ளிக்கெழம உன் கண்ணு எத்தப் பாத்துச்சு? பெயின்ட் சரக்கு எடுக்க காலையிலயே அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பூடற. இருட்டினாத்தான் ஊட்டுக்கு வர்ற.

– வாசல்ல ஃபியட்டு நின்னா தெருவுல எவனும் சொல்லமாட்டானா?

– உன் வாய்க்குப் பயந்து எவன் சொல்லுவான்? இன்னிக்கு வெள்ளிக்கெழமதான? போனத் தொற. எங்க கீது புள்ளி?

– தோ. அதே எடம், என் ஊட்டு வாசல். இஞ்சின் ஆஃப்னு வேற காட்டுது. தூ! பாத்தியா உன் டப்பா லட்சணத்த?

– ஊட்டுக்கு ஒரு போன் போடு. அண்ணி கீறாங்கல்ல?

– போட்டு இன்னான்னு கேக்கறது? ஊரே சிரிக்கும்.

– போடு அண்ணாத்தே, ஸ்பீக்கர்ல போடு. வண்டி இல்லன்னா கடையில கீற டிராக்கர் அத்தினியும் உன் கண்ணு முன்னாலயே ஒடச்சிப் போடறேன், மெய்யாலுமே.

– பேச்சு மாறக்கூடாது. அலோ, வடிவு?

– இன்னாங்க, அம்பத்தூர் போயி சேந்துட்டீங்களா?

– அத்த உடு. வாசல்ல எதுனா வண்டி நிக்குதா?

– வண்டியா? ஒரு வண்டியும் இல்லியே. எதுக்குக் கேக்குறீங்க? சாப்ட்டீங்களா? வெயில்ல சுத்தாதீங்க.

– கேட்டியாடா தேவா? இல்லியாம்! எடு சுத்திய! இரு, இரு. வடிவு, இன்னா சத்தம் அது?

– எது? அதுவா… ஸ்கூல் வேனுங்க.

– ஸ்கூல் வேனா? லாரி ஹார்ன வாங்கி நான் என் கையால மாட்டினது, எனக்கே காது குத்துறியா? என் ஃபியட்டு ஹார்னு அது! எவன்டி உடாம அமுக்கறது?

– ஏங்க, கோவப்படாதீங்க…

– எவன்னு கேட்டேன்!

– உங்க பேத்தி. ரெண்டு வயசாவப் போவுது. ஸ்டீரிங்க உட்டு எறங்கமாட்டேங்குது. கத்துறதுன்னா நேர்ல வந்து கத்துங்க. கொழந்தைக்கு சோறு ஊட்டணும், நான் வெக்கிறேன்.

– ஒக்காரு அண்ணாத்தே. இந்தா, தண்ணி குடி.

– தேவா, வண்டிய வாங்கினது அந்த ஸ்பேனர் பையனா?

– வேற எவன் வாங்குவான் உன் ஓட்ட ஃபியட்ட?

– பேத்தின்னு சொன்னாளா? நெசமாவே பேத்தின்னா சொன்னா?

– ஸ்பீக்கர்ல தெருவுக்கே கேட்டுச்சு.

– எழுந்திரு. ஸ்க்ரூ டிரைவர எடு, என்கூட வா. அந்த டப்பாவ மொதல்ல கழட்டு.

– ஏன்? இப்பத்தான கரெக்டா காட்டுதுன்னு தெரிஞ்சிச்சு.

– அதுக்குத்தான்டா சொல்றேன். தலைமுழுகிட்டேன்னு ஊரு பூரா பீத்திகினு, அப்பன் இத்தினி நாளா போன்ல வேவு பாத்துகினு கீறான்னு அவளுக்குத் தெரிஞ்சா, என் மூஞ்சிய எங்கடா வெச்சிப்பேன்? அவ கண்ணுல படறதுக்குள்ள கழட்டிடு.

– அது எப்பவோ பட்டுடுச்சு அண்ணாத்தே. தீவாளிக்கு பேட்டரி மாத்தசொல்ல வயரு பிஞ்சி, மறுநாளே இடுப்புல கொழந்தையோட வந்து, நீ குந்திகினு கீற இதே ஸ்டூல்ல குந்திகினு, ‘சீக்கிரம் மாட்டிக் குடுண்ணா, புள்ளியக் காணோம்னா எங்கப்பா தூங்காது’ன்னு சொன்னதே தாட்சாயிணிதான்.