எட்டாம் நம்பர் சப்பாத்து

நல்ல தோல் நனைந்துவிட்டால் வெயிலில் காயவைக்கக் கூடாது, ஐயா. உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, இரண்டு நாள் நிழலில் விட வேண்டும். உங்கள் பூட்ஸைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

என் பெயர் தம்புசாமி. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் பதினெட்டு வருடமாகச் சப்பாத்து தைக்கிறேன். காலையில் முருகனுக்கு விளக்கேற்றாமல் ஊசியைத் தொட்டதில்லை. வழியில் போகிறவர்களுக்காகக் கடை வாசலில் ஒரு பானைத் தண்ணீர் எப்போதும் இருக்கும்.

என்னிடம் இரண்டு லாயர்கள் வருவார்கள். இருவருக்கும் எட்டாம் நம்பர் பாதம். பாரிஸ்டர் இராமலிங்கத்தின் சப்பாத்து லண்டனில் வாங்கியது. நடந்தால் சத்தம் வர வேண்டும் என்று அவர் கேட்டதால், அடித்தோல்களுக்கு நடுவே காய்ந்த தோல் துண்டு ஒன்றை நான்தான் வைத்துத் தைத்தேன். வசதியுள்ளவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் அந்தக் கிரீச் சத்தம் வாசலில் கேட்டதுமே ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். அவர் மேடையில் என்ன பேசினார் என்று யாரும் திருப்பிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் நான்கு வருடமாக அவர்தான் தலைவர்.

லாயர் பழனியப்பன் தங்கமான மனிதர். ரப்பர் தோட்டத்து ஜனங்களின் வழக்கு என்றால் சும்மாவே வாதாடுவார். அவர் சப்பாத்தில் தோலைவிட அட்டைதான் அதிகம். அவரும் சங்கத் தேர்தலில் நின்றார். அப்போது என் கடையில் ஒருவர் சொன்னார், "சொந்தக் கால மூட வழியில்ல, இவரு நம்மள காப்பாத்தப் போறாரா?" எல்லோரும் சிரித்தார்கள். பழனியப்பனுக்குப் பதினோரு ஓட்டு விழுந்தது.

ரப்பர் விலை விழுந்து கிடக்கும் நேரம் இது. டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் வள்ளியம்மா மீது, மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் திருடியதாக வழக்குப் போட்டார்கள். புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகள். திங்கட்கிழமை கிள்ளான் கோர்ட்டில் விசாரணை. அந்த அட்டைச் சப்பாத்தோடு பழனியப்பன் அவளுக்காகப் போய் நின்றால், பிள்ளைகள் தாயில்லாமல் நிற்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பாரிஸ்டர் சப்பாத்தின் குதியில் கழன்ற ஆணியைச் சரிசெய்ய வந்தார். நல்ல மழை. சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் பழனியப்பனுக்கு இரவல் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டேன்.

"என் சப்பாத்துல அவனா?" என்று சிரித்தார். "நான் செத்த பிறகு வந்து எடுத்துக்கச் சொல்லு, தம்புசாமி."

முடியவே முடியாது என்று சொல்லாமல் வழி ஒன்றைச் சொன்னாரே என்று நிம்மதியாக இருந்தது. அவர் பேப்பரை விரித்துப் படிக்கத் தொடங்கினார். சுத்தியல் என் கையில்தான் இருந்தது. சப்பாத்தில் ஒரு துளிகூடப் படவில்லை. அதை முன்பே தள்ளி வைத்திருந்தேன்.

கால் குளிருமே என்று அவர் காலுறையை இழுத்துவிட்டேன். இருட்டி மழை விட்டதும் அவரைத் தோல் ஏற்றும் வண்டியில் ஆற்றோரம் கொண்டுபோய், தலைக்கு நல்ல மாட்டுத்தோல் ஒன்றை மடித்து வைத்துப் படுக்கவைத்தேன்.

மறுநாள் பழனியப்பன் சப்பாத்தை மாட்டிப் பார்த்துவிட்டு, "யாருதுண்ணே இது?" என்று கேட்டார்.

"பெரிய மனுசர் ஒருத்தர். இனிமே அவருக்கு வேணாமாம்."

அவர் கண் கலங்கிவிட்டது. அன்று முழுவதும் எனக்கு மனம் நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை வள்ளியம்மா விடுதலையானாள். மறுநாள் காலையில் லாயருக்கு நன்றி சொல்லப் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தவளை நிறுத்தி, சப்பாத்து எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சப்பாத்தா? மேச மறச்சிருந்துச்சுண்ணே, யாரு பாத்தா? என்னமோ கிரீச்சுனுச்சு, கோர்ட்டுத் துரை நாக்காலிக்கு எண்ணெ போடச் சொன்னாரு. எனக்கெதிரா சாட்சி சொல்ல வந்த கங்காணி அய்யாவுதான் கூண்டுல ஏறி, நான் எடுக்கலன்னு உண்மையச் சொல்லிட்டாரு. போன வாரம் லாயரு தோட்டத்துக்கு வந்தப்ப, மழையில நின்ன கங்காணிக்குத் தன் கொடையக் குடுத்துட்டு நனைஞ்சிக்கிட்டே போனாராம். அதுக்கப்புறம் பொய் சொல்ல வாய் வரலன்னாரு."

பாவம், படிக்காத பெண். ஒரு குடை என்ன செய்துவிடும்?

ஆனால் அந்தக் கிரீச் சத்தம் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதற்கும் பழக்கமான சத்தம். ஆற்றோரம் பாரிஸ்டரைக் கண்டெடுத்த நீங்கள், அன்று மத்தியானமே பழனியப்பனைப் பிடித்துவிட்டீர்கள். யார் கொடுத்தது என்று கேட்டால், அன்பாகக் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறாராம். தூக்குவரை போகிற விஷயம். அதனால்தான் நானாகவே வந்தேன். பாரிஸ்டரைக் கொன்றது நான். எழுதிக்கொண்டு பழனியப்பனை விட்டுவிடுங்கள்.

எனக்காக அவரையே வாதாடக் கேட்கப் போகிறேன். மறுக்க மாட்டார். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவனில்லை என்று அவர் சொன்னால் கோர்ட்டு நம்பும். அந்தச் சப்பாத்து சாட்சிப்பொருள், திருப்பித் தர முடியாது என்கிறீர்கள். சட்டம் உங்களுக்குத் தெரியும். ஆனால் பழைய அட்டைச் சப்பாத்தோடு நிற்கிறவர் சொல்வதை யார் கேட்பார்கள்?

அந்தக் காலைக் கொஞ்சம் இப்படி நீட்டுங்கள், ஐயா. நினைத்தேன். உங்களுக்கும் எட்டாம் நம்பர்தான்.