பீச் மரத்தை உறங்க வைத்தல்

கடற்கரை மண்ணில் பீச் பழ மரம் வராது என்று சொல்வார்கள். அது பாதிதான் சரி. மரம் வரும், காய்க்கத்தான் காய்க்காது. மலைநாட்டில், வெலிமடைப் பக்கம் அது குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும், விழித்ததும் பூக்கும். எங்கள் நிந்தவூரில் குளிருக்கு எங்கே போவது? மாரி மழைக்கு ஒரு போர்வை போர்த்தினால் அதுவே எங்களுக்குப் பெரிய குளிர்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதற்கு நீங்கள் சம்மதித்தது நல்லது, சேர். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து கொடுத்தவன் நான். முகைதீன்பாவா என்று கேட்டால் ஊரில் யோசிப்பார்கள், டிஸ்பென்சர் பாவா என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். ஒரு மாத்திரை கூட்டியோ குறைத்தோ கொடுத்தேன் என்று யாரும் சொன்னதில்லை. எழுதுவதிலும் அப்படித்தான், எதையும் விட்டுவிட்டு எழுத எனக்கு வராது.

வெலிமடையில் வேலை பார்த்த கடைசி வருஷம் என் மனைவி சபூறா ஊரில் மௌத்தானாள். அவளை அடக்கம் செய்த பிறகு நான் மாற்றம் வாங்கி வரும்போது ஒரு பீச் கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பின்வளவில் இடுப்பளவு கிடங்கு வெட்டி, மணலை அள்ளி எறிந்துவிட்டு, வயல் களிமண்ணும் மாட்டெருவும் போட்டு நிரப்பினேன். சாய்ந்தமருதிலிருந்து மீன் கழிவு வரும். பூச்சிக்கு வேப்பங்கொட்டை ஊறிய தண்ணீர். இரசாயனம் ஒரு துளிகூட அந்த வேருக்குப் போனதில்லை. நாட்டில் இரசாயனப் பசளையைத் தடை செய்த வருஷம் வயல்காரர்கள் என் படலையில் வந்து நின்று யோசனை கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமாகவே இருந்தது.

குளிருக்கு என்ன செய்தேன் என்றால், மரத்தை ஏமாற்றினேன். தை மாதம் மழை ஓய்ந்ததும் ஒவ்வொரு இலையாகக் கையால் உருவிவிடுவேன். ஒரு மாதம் தண்ணீர் காட்டமாட்டேன். மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கி வேரைச் சுற்றிக் கொட்டுவேன். ஐஸால் பலன் இல்லை என்று படித்தவர்கள் சொல்லலாம், எனக்கு அது ஒரு ஆறுதல். பிறகு தண்ணீர் விட்டால், குளிர்காலம் முடிந்ததென்று நம்பி மரம் பூக்கும். மூன்றாம் வருஷம் பூத்து நாலு காய் பிடித்தது. மூன்றை அணில் கொண்டுபோனது. மிஞ்சிய ஒன்றை என் மகள் றிப்னா தோலோடு கடித்துத் தின்றாள், சாறு முழங்கைவரை வழிந்தது. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் அவளுக்கு முதல் மாப்பிள்ளை பேசி வந்தார்கள்.

நீங்கள் யாழ்ப்பாணப் பக்கம் என்பது நீங்கள் கதைக்கிற விதத்திலேயே தெரிகிறது, அதனால் எங்கள் வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்களிடம் வீடு பெண்ணுக்கு. கலியாணத்தோடு வீடு மகள் பெயருக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் பின்னால் ஒரு அறைக்கு ஒதுங்குவார்கள், இல்லையென்றால் வேறு வளவுக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் ஒரு பெட்டியோடு சபூறாவின் வீட்டுக்கு வந்தவன். சுவரில் ஆணி அடிக்கவும் அவளிடம் கேட்டுத்தான் அடித்தேன். எனக்கென்று அங்கே இருந்தது அந்த மரம் ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் மாமா ஹமீட் பின்வளவில் இறங்கிக் காலடி வைத்து அளந்தார். "இந்த மரத்த எடுத்தா ரெண்டு ரூம் போடலாம், பாவாக் காக்கா" என்றார். நான் கோபப்படவில்லை, தேநீர் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்ததும் அவரைக் கையைப் பிடித்து ஒதுக்கமாகக் கூட்டிப்போனேன்.

"மறைச்சுக் கலியாணம் முடிச்சு வெச்சா நாளைக்கு அல்லாஹ்ட்ட என்ன பதில் செல்லுற? புள்ளைக்கு வலிப்பு இரிக்கி" என்றேன்.

அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிசனா என்றார். பெற்ற மகளைப் பற்றி எந்த வாப்பா அப்படிப் பொய் சொல்லப்போகிறார்? அதனால் யாரும் விசாரிக்கவில்லை. ஊர் முழுக்க என் நேர்மையைப் பற்றிக் கதைத்தார்கள். அதோடு சேர்த்து வலிப்பைப் பற்றியும் கதைத்தார்கள்.

எனக்குப் பொய் பிடிக்காது. பள்ளிவாசல் வாசலில் நின்று சொன்ன சொல் பொய்யாகக் கிடக்கிறதே என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. ஆகவே அதை உண்மையாக்கினேன். அவளுடைய தேநீரில் ஒரு மாத்திரையைக் கரைத்தேன். மதியம் அவள் குசினியில் அடுப்படியில் விழுந்தாள். எழுந்தபோது என்ன நடந்ததென்று அவளுக்கு நினைவில்லை.

"வலிப்பு மகள். பயப்பிடாதங்க, வாப்பாட்ட மருந்து இரிக்கி" என்றேன்.

அன்றிலிருந்து காலையில் ஒன்று, மஃரிபுக்குப் பிறகு ஒன்று, என் கையால் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கஷ்டம் இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தால் பார்மசிகளில் சீட்டுக் கேட்கமாட்டார்கள்.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. வருஷக்கணக்கில் விழுங்கிய ஒருவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் மெய்யான வலிப்பே வரும். பிறகும் நாலு இடத்திலிருந்து பேசி வந்தார்கள். வருகிற நாளைச் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள், ஆகவே எனக்குக் கணக்குப் பார்த்து நிறுத்த அவகாசம் இருந்தது. அந்த நாட்களில் அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்தேன், அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒருமுறை பெண் பார்க்க வந்த பெண்கள் பலகாரத் தட்டைக் கையில் வைத்திருக்கும்போதே அவள் விழுந்தாள். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். வாயில் நுரையோடு கிடந்தவளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஸலவாத்து ஓதியது நான்தான்.

வலிப்புக்காரர் நெருப்புக்குக் கிட்டப் போகக்கூடாது. கிணற்றடி கூடாது, கடற்கரை கூடாது, பஸ் கூடாது. அவள் பாலர் பாடசாலை வேலையை விட்டாள். கிணற்றுக்கு மூடி போட்டேன், படலைக்குப் பூட்டுப் போட்டேன். பகலில் பாதியை உறங்கிக் கழித்தாள். மீதி நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் மரத்துக்கு எரு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூடப் படித்தவர்கள் முதலில் வந்தார்கள், பிறகு பெருநாளைக்கு மட்டும் வந்தார்கள், பிறகு வரவில்லை.

"வாப்பா, என்னால ஒங்களுக்கு எவ்வளவு கரைச்சல்" என்று ஒருநாள் சொன்னாள். "நான் மௌத்தாகினா நீங்க நிம்மதியா இரிப்பீங்க."

அன்று நான் அழுதேன். நடிப்பல்ல. அப்படிக் கதைக்கக்கூடாது என்று அவளை ஏசினேன். எனக்கு மட்டும் என்ன விடுதலை? கொழும்புக்கு ஒரு கலியாணத்துக்குக்கூட நான் போகமுடியவில்லை. ஹஜ்ஜுக்குப் பதிந்ததையும் விட்டுக்கொடுத்தேன். ஒரு வேளை தவறினால் அவளுக்கு வலிப்பு வந்துவிடும், என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்த மருந்தைத் தெரியாது. சாவி என் மடியில் இருந்ததே தவிர, பூட்டுக்குள் நானும்தான் இருந்தேன். பதினொரு வருஷம் அப்படிப் போனது.

இந்த வருஷம் சாஜித் வந்தார். மருதமுனையில் கைத்தறி வைத்திருக்கிறார். முதல் மனைவி பிரசவத்தில் மௌத்தாகிவிட்டார். வலிப்பைப் பற்றி நான் சொன்னபோது அவர் எழுந்து போகவில்லை.

"நோய் வருத்தம் ஆருக்குத்தான் இல்ல மாமா? மருந்தெடுத்தாச் சரிதானே" என்றார்.

பின்வளவுக்குக் கூட்டிப்போனேன். மரத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "இஞ்ச எப்பிடி மாமா இது வந்த? இதில ஆரும் கை வெக்கப்படாது. நீங்க முன்னறையிலயே இரிங்க. எங்களுக்கு அந்த மதில் பக்கத்தில ஒரு அறை காணும்."

திரைச்சீலைக்குப் பின்னால் நின்று றிப்னா கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் அவள் இரண்டு தரம் தலை சீவினாள். அலுமாரியில் மடித்துக் கிடந்த நீலச் சட்டையை எடுத்து மணந்து பார்த்தாள்.

மரத்துக்கு ஆபத்து இல்லை. என் அறைக்கும் ஆபத்து இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதுகிறேன். ஆனால் படலையடியில் செருப்பைப் போட்டுக்கொண்டே சாஜித் இன்னும் ஒன்று சொல்லியிருந்தார்.

"கலியாணம் முடிஞ்சதும் கொழும்பில ஒரு நல்ல டொக்டர்ட்டக் காட்டுவம். டொக்டர்மார் மருந்து எழுதின கிளினிக் கொப்பிய எடுத்து வெய்ங்க மாமா. இனி மருந்து குடுக்கிற வேல எனக்கி."

இனி எனக்கு என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனை மாத்திரை, எந்த நேரம், எந்த வயிற்றோடு என்று பதினொரு வருஷம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தவன் நான். அன்றே மாத்திரையை நிறுத்தினேன்.

ஐந்தாம் நாள் காலையில், குளியலறையில் அவளுக்கு வலிப்பு வந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் தலை அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டார் வந்து கதவை உடைத்தார்கள். நான் உடனே கூப்பிட்டேனா என்று கேட்டீர்கள். உடனே இல்லை. வலிப்பு அடங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்தேன்.

வைத்தியசாலையில் டொக்டர் தர்சிகா என்ற இளம்பெண் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். எந்தக் கிளினிக்கில் காட்டுகிறீர்கள், கொப்பி எங்கே, நீங்கள் சொல்லுகிற இந்த மருந்தை யார் எழுதித் தந்தார்கள். கிளினிக்கும் இல்லை, கொப்பியும் இல்லை என்றேன். மூன்றாவதற்கு நான்தான் என்றேன். அவர் இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கு அறிவித்தார். கெட்டிக்காரப் பிள்ளை, அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். றிப்னாவுக்குப் பிறவியில் எந்த நோயும் இருக்கவில்லை. மாத்திரையைக் கொடுத்ததும் நான், தேவைப்பட்ட நாட்களில் நிறுத்தியதும் நான். யாரும் எனக்கு உதவவில்லை, யாருக்கும் தெரியாது. மரத்தைக் காப்பாற்றத்தான் இதையெல்லாம் செய்தேன். வேறு காரணம் இருக்கிறதா என்று நேற்று முழுக்க யோசித்தேன், எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்து வைக்குமுன் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். உங்கள் பெண் கான்ஸ்டபிள் றுஸ்தா இன்று காலை வார்ட்டிலிருந்து வந்து சொன்னார். டொக்டர் தர்சிகா கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் மகளுக்கு எடுத்துச் சொன்னாராம். றிப்னா நம்பவில்லையாம். தாதி கொடுத்த மாத்திரையைத் துப்பிவிட்டாளாம்.

"எங்கட வாப்பாவ விட்டிருங்க. அவர் ஒண்டும் செய்யல்ல. எனக்கித்தான் வருத்தம்" என்று அழுதாளாம்.

அதைக் கேட்டதும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அவள் சொல்வதையும் இதில் எழுதிக்கொள்ளுங்கள், சேர். அவளுக்கு வருத்தம் இருப்பது உண்மைதானே. இல்லாவிட்டால் பதினொரு வருஷம் நான் ஏன் அவளுக்கு மருந்து கொடுக்கப்போகிறேன்?