எண்ணமா, நிஜமா

உங்களிடம் வந்த பிறகுதான் என் தங்கைக்கு நல்ல தூக்கம் வந்தது, டாக்டர். அதற்கு முன், லிஃப்ட் கொஞ்சம் குலுங்கினால் தான் செத்துவிடுவோம் என்று பயப்படுவாள்; அம்மா போனை எடுக்காவிட்டால் அம்மா செத்திருப்பாள் என்று பயப்படுவாள். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொள்வாள். நான் நர்ஸ். எதையும் தாங்குவேன் என்று வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது.

பயம் வந்தால் அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், வேறு எப்படிப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னீர்கள். வீட்டில் ஒருவர் கூட இருந்து பழக்க வேண்டும் என்றீர்கள். அவளோடு நான் உட்கார்ந்தேன். அவள் தேறிவிட்டால் அந்த மடி காலியாகும் என்று நினைத்தேன்.

தேறினாள். தனியாக லிஃப்டில் போய்வந்த அன்று அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எவ்வளவு தைரியசாலி ஆயிட்டா பாரு" என்று என்னிடமே சொன்னாள். நான் சின்ன வயதிலிருந்தே லிஃப்டில் தனியாகப் போகிறவள்.

பிறகு தங்கை படியில் சறுக்கி, காலில் மாவுக்கட்டோடு படுத்தாள். அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மூச்சு சரியா வரல. இந்தத் தடவ வேற மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

கட்டுக்கு வெளியே விரல்கள் வீங்கியிருந்தன. அசையாத காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். நாடியைப் பிடித்தேன். புரிந்துவிட்டது.

"இது எண்ணமா, நிஜமா?" என்றேன்.

"தெரியலக்கா."

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ மூச்சு முட்டியிருக்கு? ஒரு தடவையாவது ஏதாவது ஆச்சா?"

"இல்ல."

"அப்ப வேற எப்படிப் பார்க்கலாம்?"

யோசித்தாள். "பழைய பயந்தான்" என்று சிரிக்கப் பார்த்தாள். அம்மாவிடம் பேசப் போனைக் கேட்டாள். "அவங்கள எதுக்குக் கலவரப்படுத்துற" என்று சொல்லி, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன்.

அம்மா வருவதற்குள் முடிந்துவிட்டது.

அம்மா உங்களைக் குறை சொல்கிறாள். அது நியாயமில்லை, அதனால்தான் வந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் அவள் பிழைத்திருக்கலாம். தெரிந்தேதான் நான் கூப்பிடவில்லை. போலீஸிலும் இதையே சொல்வேன்.

ஆனால் அவள் பயந்து சாகவில்லை, டாக்டர். கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள். அம்மாவால்கூட அவளுக்கு அதைக் கொடுக்க முடிந்ததில்லை.