புது டயரா, மாமா?

“ஹலோ... ஹலோ... வத்தலக்குண்டு பெட்ரோல் பங்குதானே?... திண்டுக்கல்லுலருந்து பேசுறேன், ராயப்பராசு இருக்காரா?... நீதானா? நல்லதாப் போச்சு. நான் பக்ருதீன். பேகம்பூர் தோல் மண்டி... ஆமா, ஆமா, நானேதான்... நிக்காஹ் நல்லபடியா முடிஞ்சுச்சு. நீதான் வந்து ரெண்டு பந்தியில உக்காந்து தின்னியே, பொறவு என்ன விசாரிப்பு? அதை விடு. ராயப்பு, என் காரு அங்க வந்துச்சா?”

‘என் காரு’ என்று வாய் தவறியதும் பக்ருதீன் ராவுத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இப்போது அது அவர் கார் இல்லை. போன வாரம் மகள் நர்கீஸைக் கட்டிக்கொடுத்தபோது மருமகன் முகமது பாரூக்குக்குச் சீராகக் கொடுத்த அம்பாசடர். ஊருக்குள் பவனி வருவதோடு சரி என்று அவர் நினைத்திருக்க, புது ஜோடி இன்று விடிந்ததும் அதில் கொடைக்கானலுக்குக் கிளம்பிவிட்டது. அவர் பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் மனைவி சைதூன் சாவகாசமாகச் சொன்னாள். வத்தலக்குண்டைத் தாண்டினால் மலைப்பாதை. பெட்ரோல் போடாமல் யாரும் மலையேற மாட்டார்கள் என்ற ஒரு நம்பிக்கையில்தான், அங்கே பங்கு நடத்தும் ராயப்பராஜுக்கு எக்ஸ்சேஞ்ச் மூலம் இந்த டிரங்க் கால்.

“இன்னும் வரலையா?... நல்லாப் பாத்தியா? கறுப்பு வண்டி. பூச்சரம்கூட அவுத்திருக்க மாட்டாக... ஆமா, ஆமா, மருமகன்தான் ஓட்டுறாரு. வந்தா நிறுத்திப்புடு. மலைக்கு விடாத... காரணமா? காரணம் வந்து... நர்கீசோட அம்மாவுக்கு உடம்பு முடியல... திடீர்னுதான். மயக்கம்... பேச்சு மூச்சு இல்ல, படுத்தே கெடக்கா...”

மண்டிக்குப் பின்கட்டுதான் வீடு. அந்த நேரம் பார்த்து சைதூன் கத்தரிக்காய்க்காரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவள் குரலுக்குக் கம்பியே தேவையில்லை, வத்தலக்குண்டுக்கு நேராகவே போய்ச் சேரும்.

“சத்தமா? எந்தச் சத்தம்?... இல்லப்பா, அது சைதூன் இல்ல. அது வேற யாரோ... ராயப்பு, ராயப்பு, வச்சுராத! சொல்றேன். திட்டாமக் கேளு. டயர் சரியில்ல... எந்த டயரா? நாலுந்தான்... புதுசு இல்லப்பா. அதே கம்பெனி டயர்தான். காரோட கூடவே வந்தது... ஆமா, ஆமா, நீ சொன்னே. நல்ல ரோட்டுல ஓடுனா இருவதாயிரம் மைல் தாங்கும், நீங்க தோல் வாங்க வேடசந்தூர் கல்லுக்காட்டுல ஓட்டுற ஓட்டத்துக்குப் பாதிகூடத் தாங்காதுன்னு சொன்னே. டயர் மேல இருக்குற பட்டன் தேஞ்சு மொட்டையாக் கெடந்ததை விரலை வச்சே காட்டுனே. இல்லேங்கல... கல்யாணத்தன்னைக்குப் பாத்தியா? ஆழமா இருந்துச்சா?... அது... அது நான் வெட்டுனதுப்பா.”

சொல்லிவிட்டார். காது மடல் கொதித்தது.

நிச்சயத்தன்று ஜமாஅத்தார் முன்னால், “நாலும் புதுசாப் போட்டுத் தாரேன்” என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்ன வாய் அவருடையது. ஆனால் எங்கும் புது டயருக்குத் தட்டுப்பாடு, மதுரையில் டயர் வியாபாரிகள் இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார்கள். நிக்காஹ் நாள் நெருங்கியது. வெளியே சொன்னால் மானம் போகும். தழும்பும் சொத்தையும் விழுந்த தோலை மினுக்கிச் சந்தைக்கு அனுப்பிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, தோல் சீவும் கத்தியால் மொட்டை டயரில் பட்டன்போலத் தானே பள்ளம் வெட்டினார். மேலே தோலுக்குப் பூசும் கறுப்பு மையையும் பூசினார். சும்மா சொல்லக் கூடாது, பார்த்தால் கடையிலிருந்து வந்த டயர்தான். மருமகன் குனிந்து தடவிப் பார்த்து, “புது டயரா, மாமா?” என்று சந்தோஷமாகக் கேட்டபோது அவர் “ம்” என்றார். அந்த ஒரு “ம்” ஒரு வாரமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது.

“திட்டு, நல்லாத் திட்டு... ஆமா, மிச்சமிருந்த ரப்பரையும் நானே வழிச்சுட்டேன். உள்ள இருக்குற நூலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல வெத்தலை கனந்தான் இருக்கு... தெரியும்ப்பா, மலை எறங்குறப்போ பிரேக் சூட்டுல... சொல்லாத ராயப்பு. அந்த வார்த்தையைச் சொல்லாத. என் மக இருக்கா உள்ள... உன் பங்குல புது டயர் ஸ்டாக் இருக்கா?... ரெண்டா? மில்லு மேனேஜருக்கு எடுத்து வச்சதா? அவருக்கு நான் சொல்லிக்கிறேன், குடுத்துரு... மத்த ரெண்டும் பழசு மேல ரப்பர் ஒட்டுனதா? வேணாம்ப்பா, மலையில உரிஞ்சுக்கும்... ரெண்டு புதுசையும் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு... கூடாதா?... ஆமா, ஆமா, ஜோடியாத்தான் போடணும், இல்லாட்டி ஒரு பக்கமா இழுக்கும். சரி, முன்னாடிக்குப் போடு. பின்னாடிக்கு அதே சைசுல, அதே சாதியில மதுரைக்குச் சொல்லி விடு. அது வர்ற வரைக்கும் வண்டி உன் கொட்டாயிலயே கெடக்கட்டும்... மருமகன்ட்டயா? நீயே பக்குவமாச் சொல்லிரேன்... மாட்டியா?... யாரு?... எக்ஸ்சேஞ்சா? மூணு நிமிசம் ஆயிருச்சா? இன்னும் மூணு நிமிசம் நீட்டு தாயி, நீட்டு... ராயப்பு?... என்னது, ஆரன் சத்தமா? வந்துட்டாகளா? யா அல்லா... நர்கீசைக் கூப்புடு. மொதல்ல நர்கீசைக் கூப்புடு.”

மண்டிக்குள் உப்புத் தோல் நாற்றம் அன்றுதான் புதிதாக அடிப்பதுபோல் மூக்கில் ஏறியது. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நர்கீசு... அத்தாதான்மா. பதறாத, அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, கத்திரிக்கா வாங்கிக்கிட்டு இருக்கா. நீ அந்தக் காருல ஏறாத. டயரு வந்து... என்ன?... தெரியுமா?... எப்படித் தெரியும்?... என் கைலியிலயா?... அந்த ரப்பர் தூளை நீதான் அலசுனியா? தெரிஞ்சுமா ஏறுன?... என் மானம் போயிருமேன்னா?... அடிப் பாவி மகளே...”

பக்கத்தில் அடுக்கியிருந்த தோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் ஊரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தார். பெற்ற மகள் எல்லாம் அறிந்தே, அந்த டயர்களின் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். போகும்போது அவருக்கு ஸலாம்கூடச் சொல்லிவிட்டுப் போனாள் என்று சைதூன் சொன்னாளே. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

“என்னம்மா?... வயித்து வலின்னு சொல்லிக்கிறியா?... பஸ்ஸுல திரும்பிருவீங்களா? வண்டி ரிப்பேருன்னு ராயப்பு நிறுத்திக்குவானா, வாயத் தெறக்க மாட்டானா?... ஆமா, உனக்கு வலின்னா அவரு நம்புவாருதான்... சரி. சரிம்மா, அப்படியே...”

எவ்வளவு சுலபமான வழி! டயரும் மாறிவிடும், மானமும் தப்பிவிடும், ஒரு காக்காய் குருவிக்குத் தெரியாது. ‘சரி’ என்றதும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும் என்று காத்திருந்தார். இறங்கவில்லை, இன்னும் அழுத்தியது.

“நர்கீசு! இரு, போயிராத. சரின்னு சொன்னது தப்பு. கல்யாணமாகி ஒரு வாரந்தான் ஆகுது, அதுக்குள்ள எனக்காகப் புருசன்கிட்ட பொய் சொல்லுவியா? என் பொய்யை நீ ஏம்மா சுமக்கணும்?... அழுவாத. போனை அவருட்ட குடு... கோவிச்சுக்கிட்டாக் கோவிச்சுக்கிறட்டும். குடும்மா.”

எழுந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார், மருமகன் எதிரில் நிற்பதுபோல.

“மாப்ளே... வஅலைக்கும் ஸலாம்... எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். நீங்க செத்த நேரம் குறுக்க பேசாமக் கேளுங்க, நிறுத்துனா எனக்கு மறுபடி வாய் வராது. அந்த டயரு புதுசு இல்ல. பழைய கம்பெனி டயரு. நான்தான் கத்தியால வெட்டி, மை பூசி, உங்களை ஏமாத்துனேன். நீங்க கேட்டப்ப ‘ம்’னு சொன்னேன். ஊருக்கு முன்னாடி சொன்ன சொல்லு பெருசாத் தெரிஞ்சுச்சு, உங்க ரெண்டு பேரு உசிரு சிறுசாத் தெரிஞ்சுச்சு. எம்புட்டுக் கேவலமான மனுசன் நான். என் மக மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்... மாப்ளே?... பேசுங்க. திட்டவாச்சும் திட்டுங்க... மாப்ளே?”

கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“ஹலோ... யாரு?... எக்ஸ்சேஞ்சா?... லைன் கட்டா? எப்ப?... நான் சொல்ல ஆரம்பிச்சப்பவேயா?... அப்ப நான் சொன்னதை எல்லாம் யாரு கேட்டது?... நீயா?... முழுசாவா?...”

போன் அவர் கையில் கனத்தது. இப்போது வைத்துவிட்டால்கூடப் போதும். அங்கே நர்கீஸ் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள், ராயப்பராஜ் சத்தமில்லாமல் டயரை மாற்றிவிடுவான். பின்கட்டில் சைதூன் கத்தரிக்காய்க்காரியை ஜெயித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல தாயி, அழுவல... திரும்பப் போடு. அதே வத்தலக்குண்டு, அதே நம்பர்... அர்ஜெண்டாவே போடு... ஆமா, ஆமா. மொதல்லருந்து சொல்லணும்.”